நரகாசுரன் நம் ஊரில் வாழலாகாதா?

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு கதை சொல்லப்படுகிறது. நரகாசுரன் என்றொரு கொடியவன் இருந்தான்; தேவர்களையும் மக்களையும் துன்புறுத்தினான்; கண்ணபிரான் சத்தியபாமையுடன் சென்று அவனை மாய்த்தார்; அவன் மாண்ட நாளையே நாம் தீபத் திருநாளாகக் கொண்டாடுகிறோம். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பிறகு வாழ்த்தட்டைக்கு வண்ணம் தீட்டும் வேலை தொடங்கும். சொன்ன ஆசிரியர்க்கும் நிறைவில்லை. கேட்ட மாணவர்க்கும் நினைவில்லை.

இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அந்தக் கதையை நம் நாட்டு மண்ணில், நம் குழந்தைகள் கண்டறிந்த மலையிலும் ஆற்றிலும் தெருவிலும் நிகழ்ந்ததாகச் சொல்லவேண்டும். அவ்வாறு சொல்வது புராணத்துக்கு இழைக்கும் பிழை அன்று; சொல்லாமல் இருப்பதே நம் பிள்ளைகளுக்கு இழைக்கும் பிழை. இதனை மறுப்போர் பலர் உளர். அவர்தம் மறுப்புகளை எடுத்து ஆராயுமுன், இவ்வெண்ணம் எனக்கு எங்ஙனம் தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறுவன் கேட்ட கேள்வி

பேராக் மாநிலத்தில், கிந்தாப் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய காலம் அது. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. என் மாணவர் சிலரின் தந்தையர் வேலை இழந்து வீட்டில் இருந்தனர். அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய வாரம், மூன்றாம் வகுப்பில் புத்தகத்தில் கண்டபடியே கதையைச் சொன்னேன். நரகாசுரன் ஆண்ட நகரின் பெயர் பிராக்சோதிடம் என்றேன். கதை முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்தான்.

“அந்த ஊரு எங்கே இருக்கு ஐயா?”

“இந்தியாவில், அசாம் பக்கம் இருந்ததாகச் சொல்வார்கள்.”

“ராமர் கதை ஐயா?”

“அயோத்தி இந்தியாவில். மற்றதெல்லாம் இலங்கையில்.”

அவன் சற்று நேரம் நின்றான். பிறகு, “அப்படின்னா இங்கே ஒன்னுமே நடக்கலியா ஐயா?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுவன் மூன்றாண்டுகளாக என்னிடம் தமிழ் படிக்கிறான். அதே பள்ளியில் அவன் படிக்கும் மலாய்ப் பாடத்தில், சாங் கஞ்சில் என்னும் சருகுமான் அவன் அறிந்த காட்டிலே ஓடுகிறது. அவன் கண்ட ஆற்றிலே முதலையை ஏமாற்றுகிறது. தமிழ்ப் பாடத்திலோ வியக்கத்தக்கவை யாவும் கடலுக்கு அப்பால் நிகழ்ந்து முடிந்துவிட்டன. இங்கு இருப்பவனுக்கு எஞ்சுவது அவற்றை மனப்பாடம் செய்யும் கடமை மட்டுமே. தன் ஊரைப்பற்றிப் பேச ஒரு மொழி, வேற்றூரைப்பற்றிப் படிக்க மற்றொரு மொழி என்று அவன் உள்ளம் பிரித்துக்கொண்டால், வளர்ந்தபின் எம்மொழியைக் கைவிடுவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1816ஆம் ஆண்டில் பினாங்கில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை நினைந்து, 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தமிழ்க் கல்விக்கு இருநூறாண்டு விழா எடுத்தோம். இருநூறு ஆண்டு ஒரு மண்ணில் வாழ்ந்த மொழி, அம்மண்ணில் ஒரு பண்டிகைக் கதையையேனும் நடத்திக் காட்டாதது நம் குறையா, மொழியின் குறையா?

“புராணத்தைத் திருத்த நீ யார்?”

முதல் மறுப்பு இது. பக்தியோடு எழுவதால் மதித்து விடை கூறவேண்டிய மறுப்பு.

மறுப்போர் காக்க விரும்பும் ‘மூலக்கதை’ எது என்று முதலில் கேட்போம். பாகவதத்தில் நரகனைக் கொல்வது கண்ணனின் சக்கரம். சத்தியபாமை உடன் செல்கிறாள். நம் பாட்டிமார் சொன்ன கதையிலோ சத்தியபாமையின் அம்பே அவனை வீழ்த்துகிறது. நிலமகளின் மகனாகிய அவனுக்குத் தாயின் கையாலன்றிச் சாவில்லை. சத்தியபாமையோ நிலமகளின் பிறவி. “என் இறந்த நாளை மக்கள் கொண்டாடவேண்டும்” என்று அவன் வரம் கேட்பதும் பாகவதத்தில் இல்லை. மக்கள் வழங்கும் கதையிலேதான் உள்ளது. வடநாட்டிலோ நரகாசுரனே முதன்மை இல்லை. இராமன் அயோத்திக்கு மீண்ட நாளாகத் தீபாவளி போற்றப்படுகிறது. வங்காளத்தில் அது காளி பூசைக்குரிய இரவு. சமணர்க்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். இடத்துக்கு இடம் மாறி வளர்ந்த கதையை, நம் புத்தகத்தில் அச்சேறிய வடிவத்தில் மட்டும் உறையவைத்து, இதுவே மாறாத உண்மை என்பது புராணத்தைக் காப்பதாகாது; அச்சுப் பொறியை வணங்குவதாகும்.

நம் இலக்கியப் பெருமக்கள் செய்தது என்ன? வான்மீகியின் கோசலத்தைப் பாடவந்த கம்பர், சரயு நதியைத் தமிழகத்து ஆறுபோலவே ஐந்திணை நிலங்களின் வழியே ஓடவிட்டார். கோசலத்து வயலும் சோலையும் காவிரி நாட்டு வயலும் சோலையுமாகவே காட்சி தருகின்றன. இடத்தை மட்டுமன்றி நிகழ்ச்சியையும் மாற்றினார். வான்மீகியில் இராவணன் சீதையைத் தீண்டித் தூக்குகிறான். கம்பரிலோ குடில் நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். தம் மக்களின் உள்ளம் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று அறிந்து செய்த மாற்றம் அது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். அதன் நாட்டுப்படலத்தில் வரும் அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. அரபு நாடு பாலைநிலம் என்பதைப் புலவர் அறியாதவரா? தமிழ் படிக்கும் ஒருவன் ‘வளமான நாடு’ என்று உணரவேண்டுமானால் அவன் கண்முன் நெல்வயல் விரியவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் சூசையப்பரை ‘வளன்’ என்று தமிழ்ப் பெயரிட்டுத் தேம்பாவணி பாடினார். அவர் காட்டும் யூதேயாவும் தமிழ் மணம் கமழும் நாடே. இந்து, இசுலாம், கிறித்துவம் ஆகிய மூன்று சமயத்துப் பெருங்காப்பியங்களும் இவ்வழியில் நடந்திருக்க, மூன்றாம் வகுப்பு ஆசிரியன் ஒருவன் அவ்வழியில் நான்கு அடி வைத்தால் அது மட்டும் குற்றமா?

நம் அண்டை வீட்டாரையும் பார்ப்போம். இராமகதை மலாய் மொழியில் ஹிக்காயாத் ஸ்ரீ ராமா என்று ஏடேறியது. கிளந்தானின் வாயாங் கூலிட் என்னும் தோற்பாவைக் கூத்தில் அதே கதை நடக்கும்போது, பாக் டோகோல், வாக் லோங் என்ற இரு வேடிக்கைப் பணியாளர் மேடையேறுகின்றனர். வான்மீகியும் கம்பரும் அறியாத அவ்விருவரும் கிளந்தான் மண்ணின் பிள்ளைகள். நாம் சொந்தம் கொண்டாடும் கதையைப் பிறர் தம் ஊருக்கு அழைத்து வந்து விருந்து வைத்தனர். நாமோ அதனை விருந்தாளியாகவே வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

“கட்டுக்கதை எதற்கு?”

இரண்டாம் மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நரகாசுரன் கதை ஆரியர் கட்டிய கதை, வீழ்த்தப்பட்டவன் நம்மவன், அவன் சாவைக் கொண்டாடுவதே இழுக்கு, ஆகவே கதையையே விட்டுவிடுக என்பர் பகுத்தறிவு நெறியினர். இந்நாட்டில் இக்குரல் புதிதன்று. பொங்கலை மையமாகக் கொண்டு 1952ஆம் ஆண்டு தமிழர் திருநாளைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் தொண்டை நன்றியுடன் நினைப்பவன் நான். அத்திருநாளே இம்மண்ணில் நாம் நமக்கென வகுத்துக்கொண்ட விழா அன்றோ?

ஆயினும் ஒன்று கேட்பேன். வீழ்ந்தவனின் பக்கம் நின்று நரகாசுரன் கதையைப் பார்ப்பதும் அக்கதையை மீண்டும் சொல்வதேயாகும். சொல்லாத கதையை எவ்வாறு வினவுவது? கதையைப் பூட்டி வைத்தால் பகுத்தறிவு வளராது; கதையைக் கேட்ட பிள்ளை, “அவன் ஏன் கெட்டவன் ஆனான்? அவன் அம்மா என்ன சொன்னார்?” என்று கேட்கும்போதுதான் வளரும். அக்கேள்விகள் பிறக்கவேண்டுமானால் கதை நெருங்கி வரவேண்டும். எட்டாத நாட்டில் எவனோ மாண்டான் என்பதைக் கேட்டு எந்தக் குழந்தையும் கேள்வி எழுப்புவதில்லை.

தேங்காய்க்குப் பதில் துரியனா?

இனி, என் பக்கம் நிற்பவர்களோடும் சற்றுப் போரிடவேண்டியுள்ளது. ‘மண்ணின் மணம்’ என்ற பெயரில் சிலர் செய்வது வெறும் பெயர் மாற்றம். மாம்பழத்தை எடுத்துவிட்டுத் துரியனை வைப்பார்கள். மானை எடுத்துவிட்டுச் சருகுமானை வைப்பார்கள். அரசனுக்குச் சொங்கோக் தொப்பி மாட்டுவார்கள். கதை பழையபடியே தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆங்கில நாடுகளின் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கலைமான்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் நிக்கோலசு வந்து பரிசு தரும் அப்பாட்டு, 1823ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து டிராய் நகரச் செய்தித்தாளில் பெயரின்றி வெளிவந்தது. சதுப்பு நிலம் மிகுந்த லூசியானா மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு அதனைத் தம் ஊர்ப் பேச்சில் மாற்றி ஒரு குழந்தை நூலாக்கினர். அதில் வண்டி படகாயிற்று, கலைமான்கள் முதலைகளாயின. அங்கு அது பொருந்திற்று. ஏனெனில் மூலப்பாட்டு மகிழ்ச்சி ஒன்றையே நோக்கமாகக் கொண்டது. வண்டியை மாற்றினால் போதும், சிரிப்பு வந்துவிடும்.

நம் கதை அத்தகையதன்று. ஒரு தாய் தன் மகனை இழக்கும் கதை அது. ஆயிரக்கணக்கான பெண்கள் சிறையிருந்து மீளும் கதை. ஊரை இருளில் ஆழ்த்தியவன் மறைந்து விளக்கேறும் கதை. துரியனை நுழைப்பதால் இது மலேசியக் கதை ஆகிவிடாது. அந்தத் தாய் எந்த நிலத்தின் தாய், அந்தச் சிறை எந்த மலையின் குகை, அந்த இருள் எவர் வீட்டு இருள் என்று கேட்டு விடை காண்பதே மண்ணில் ஊன்றிச் சொல்வதாகும்.

நான் சொன்ன கதை

அச்சிறுவனின் கேள்விக்கு மறு ஆண்டு விடை கூற முயன்றேன். எங்கள் வகுப்பறைச் சன்னலில் நின்றால் கிந்தாவின் சுண்ணாம்புக் குன்று ஒன்று தெரியும். செங்குத்தான வெண்பாறை, இடையிடையே கரிய குகைகள். குன்றின் அடியில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிக் கிடக்கும். சன்னலைத் திறந்துவைத்துக் கதையைத் தொடங்கினேன்.

நிலமகளுக்கு ஒரு மகன் பிறந்தான். தாய் கேட்டதையெல்லாம் கொடுத்தாள். வளர்ந்த மகன், தாயின் மடியிலேயே செல்வம் இருப்பதை அறிந்து அவளையே தோண்டத் தொடங்கினான். தோண்டத் தோண்ட அவன் செல்வம் உயர்ந்தது. நிலமெங்கும் பள்ளமும் குட்டையும் ஆயின. மலையையும் நீரையும் நெருப்பையும் காற்றையும் படைக்கலங்களையும் அரணாக வைத்தான். இவ்வரண்கள் பாகவதத்தில் உள்ளவையே. நான் அவற்றை எதிரே இருந்த குன்றில் வைத்தேன். பெண்களைப் பிடித்துக் குகையில் அடைத்தான். கண்ணனும் சத்தியபாமையும் கருடன்மேல் ஏறிக் கடற்கரை வழியாக, கண்டல் காட்டுக்கு மேலாகப் பறந்து வந்தனர். கருடனை மாற்றவேண்டிய தேவையே எழவில்லை. நாம் கருடன் என்று வணங்கும் செம்பருந்து, பேராக்கின் கோலா செப்பெத்தாங் கடலோரத்தில் இன்றும் வட்டமிடுவதைக் காணலாம்.

போர் முடிந்தது. குகையிலிருந்த பெண்கள் வெளிவந்தனர். நெடுநாள் இருட்டில் கிடந்தவர்கள் வழி தெரிந்து வீடு சேரவேண்டும் என்று ஊரார் தத்தம் வாசலில் விளக்கு வைத்தனர் என்று முடித்தேன். விளக்குக்குரிய இக்காரணம் எந்தப் புராணத்திலும் இல்லை, நானே சேர்த்தது. அதனை மறைக்கவில்லை, மாணவரிடமும் சொன்னேன்.

சென்ற ஆண்டு கேள்வி கேட்ட சிறுவனும் அவன் தோழர்களும் இப்போது நான்காம் வகுப்பில் இருந்தனர். அவன் சன்னலருகே சென்று, “அந்தக் குகையா ஐயா?” என்று கேட்டான். இன்னொரு மாணவி, “மகன் செத்தப்போ அவங்க அம்மா அழுதாங்களா ஐயா?” என்றாள். இதே கதையைப் பல ஆண்டு சொல்லியும் நான் அதுவரை கேட்டறியாத வினா அது. அன்று வாழ்த்தட்டைக்கு வண்ணம் தீட்ட நேரம் கிடைக்கவில்லை. மணி அடிக்கும்வரை பிள்ளைகள் பேசினர், தமிழில் பேசினர்.

மறுவாரம் பெரியவர் ஒருவர் வந்து என்னைக் கடிந்துகொண்டார். சாமி கதையில் ஈயக்குட்டை எதற்கு என்றார். அவர்க்கு விடை கூறும்போது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. எழுத்தறியாத அவர், ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்களை அமர்த்திக் கதை சொல்வார். நரகாசுரன் எங்கே இருந்தான் என்று கேட்டால், பால்மரங்களுக்கு அப்பால் தெரியும் மலைக்காட்டைக் காட்டுவார். பிராக்சோதிடம் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. கதை எங்களுக்கு அருகில்தான் இருந்தது. அதனைத் தூரத்துக்கு அனுப்பியவர்கள், புத்தகத்தைக் கையில் எடுத்த நாம்தாம்.

தோட்டமும் இன்று தூரமே

பாட்டியின் கதையைப் போற்றுவது வேறு; அதனையே இன்றும் ஒப்பிப்பது வேறு. நம் எழுத்தாளருள் பலர், மண்வாசனை என்றாலே லயத்தையும் பால்வாளியையும் பெரட்டுக் களத்தையும் எழுதத் தொடங்கிவிடுகின்றனர். அவை நம் வரலாறு, மறக்கலாகாதவை. நாள்தோறும் பிறர்க்காக விடியுமுன் எழுந்த மக்கள், தீபாவளி அன்று மட்டும் தமக்காக விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தனர் என்பதைவிடப் பெரிய தீபாவளிக் கதை உண்டோ? ஆனால் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகரத்துக்குப் பெயர்ந்தனர். கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பால்வாளியும் பிராக்சோதிடமும் ஒரே தொலைவில் உள்ளவை. அவன் ஊர் அந்த மாடிப்படி, மின்தூக்கி, கீழே நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், எதிர்வீட்டு மலாய்த் தோழன், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கோ 1972ஆம் ஆண்டின் தடைக்குப் பிறகு பட்டாசு வெடிப்பது படத்தில் காணும் செய்தி. “ஆகவேதான் பட்டாசு வெடிக்கிறோம்” என்று முடியும் கதை அவனிடம் எப்படிச் செல்லும்? மின்தூக்கி பழுதான நாளில் இருண்ட மாடிப்படியில் விளக்கேற்றி வைத்தவர் யார் என்று ஒரு கதை தொடங்கட்டுமே! அதிலும் நரகாசுரன் இருப்பான். அவனை வெல்லும் சத்தியபாமையும் இருப்பாள்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

“தேர்வுக்கு இது உதவுமா?” என்பது இறுதி மறுப்பு. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. நெடுங்காலம் நாம் ஒதுங்கி நின்ற நிழல் அது. இப்போது அந்நிழலும் இல்லை. மேலும், கதையில் தன் ஊரைக் கண்ட பிள்ளை எழுதும் கட்டுரை, மனப்பாடம் செய்தவன் எழுதும் கட்டுரையினும் நன்றாகவே இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்வேன். வரும் தீபாவளிக்குப் புத்தகக் கதையை ஒருமுறை சொல்லுங்கள். அதன் ஊரையும் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூலத்தை அறியாமல் செய்யும் மாற்றம் மாற்றமன்று, மறதி. பிறகு சன்னலைத் திறந்து, “இக்கதை இங்கே நடந்திருந்தால்?” என்று மாணவரைக் கேளுங்கள். கதையின் உயிரான தாயையும் சிறைமீட்பையும் விளக்கையும் விட்டுவிடாமல், மற்றவற்றை அவர்கள் தம் ஊரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். எழுதியவற்றுள் நல்லவற்றைத் தொகுத்துப் பள்ளி ஆண்டு மலரில் வெளியிடுங்கள். எழுத்தாளர் அமைப்புகள் ஆண்டுக்கொரு சிறு தொகுப்பு வெளியிட்டாலும் பத்தாண்டில் ஒரு குழந்தை இலக்கியம் உருவாகிவிடும்.

மாணவத் தம்பி தங்கையரே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நடந்ததைத் தமிழில் எவரும் இன்னும் எழுதவில்லை, அவ்வளவே.

அந்தச் சிறுவன் இன்று நடுவயது கடந்திருப்பான். அவன் கேட்ட கேள்விக்கு ஒரு வகுப்பறையில் ஒரு நாள் மட்டும் என்னால் விடை கூற முடிந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் அது போதாது. மீதி விடையை நீங்கள் சொல்லவேண்டும்.